செடிச்சாயம் ஏற்றிய பருத்தி நூல் மூன்றே சலவையில் வெளுத்துவிட்டது: எங்கே பிழை செய்தேன்?

பின்னலூசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்குக் கார்த்திகை மாதத்தில் குழந்தை பிறக்கவிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு என் கையாலேயே ஒரு போர்வை பின்னிக் கொடுக்க வேண்டும் என்பதும், அதன் நூலுக்குச் செடிகளிலிருந்து எடுத்த சாயத்தை நானே ஏற்ற வேண்டும் என்பதும் ஆறு மாதமாக என் மனத்தில் இருக்கும் ஆசை. முதல் முயற்சி கைகூடவில்லை. இங்கே நூலோடும் தறியோடும் பழகியவர்கள் பலர் இருப்பதால், நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வெளுக்காத பருத்தி நூல் நான்கு சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூற்கட்டு) வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிராம். நூலைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தேன். காணொளி ஒன்றில் சொல்லியிருந்தபடி, சாயம் பிடிப்பதற்காக இரண்டு கைப்பிடி கல்லுப்பும் அரைக் குவளை வினிகரும் கலந்த நீரில் மேலும் ஒரு மணி நேரம் போட்டு வைத்தேன். பிறகு முதல் சிட்டத்தை மஞ்சள்பொடி கரைத்த நீரிலும், இரண்டாவதைப் பீட்ரூட் வெந்த சாற்றிலும், மூன்றாவதைச் சங்குப்பூ ஊறிய நீரிலும், நான்காவதை மாதுளம்பழத் தோலை வேகவைத்து வடித்த நீரிலும் இட்டு, அடுப்பில் முக்கால் மணி நேரம் வைத்து, இரவு முழுதும் ஊறவிட்டேன். மறுநாள் காலையில் கொடியில் போட்டபோது நான்கும் கண்ணைப் பறித்தன.

முதல் சலவையிலேயே பீட்ரூட் நிறம் வாளித் தண்ணீரோடு போய், நூல் வைக்கோல் நிறமாகிவிட்டது. சங்குப்பூ நீலம் இரண்டாம் சலவையில் சாம்பல் பூத்தது. மஞ்சள் சிட்டத்தைச் சலவைச் சோப்பால் கசக்கியபோது சோப்புப் பட்ட இடமெல்லாம் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்தது. அலசியதும் மீண்டும் மஞ்சளானது. ஆனால் ஒரு வாரம் கொடியில் கிடந்ததில் வெயில் பட்ட பக்கம் முழுவதும் வெளிறிவிட்டது. மாதுளைத் தோல் ஒன்றுதான் மூன்று சலவைக்குப் பிறகும் மங்கிய கடுகு நிறத்தில் நிற்கிறது. இவற்றோடு அலங்காரப் பொருள் கடையில் வாங்கிய ‘உல்லன்’ நூல்கண்டு ஒன்றையும் மஞ்சள் நீரில் போட்டுப் பார்த்தேன். அதில் நிறம் ஒட்டவே இல்லை.

என் கேள்விகள் இவைதாம். உப்பும் வினிகரும் போட்டும் சாயம் ஏன் நிற்கவில்லை? மாதுளை மட்டும் ஏன் நின்றது? குழந்தையின் போர்வைக்கு மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் கெட்டிச் சாயமாக நிற்கும்படி வீட்டு அடுப்பிலேயே ஏற்ற வழி உண்டா?

தறிமேடை

வணக்கம் சகோதரி. என் தந்தையார் கைத்தறி நெய்தவர். நான் தறியில் உட்காரவில்லை என்றாலும், 12 ஆண்டுகளாக வீட்டின் பின்கட்டில் நூலுக்குச் செடிச்சாயம் ஏற்றி வருகிறேன். உங்கள் நான்கு சிட்டங்களின் கதையைப் படித்தபோது என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது நானும் பீட்ரூட்டைத்தான் நம்பினேன்.

செடிச்சாயத்தில் முக்கால் பங்கு வேலை சாயப் பாத்திரத்துக்கு நூல் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்த வேலை நடக்காததால்தான் உங்கள் நூல் வெளுத்தது. பீட்ரூட்டும் சங்குப்பூவும் எந்த வேலை செய்தாலும் நிற்காத நிறங்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள். எஞ்சியவற்றைப் பற்றிச் சொல்கிறேன். அளவுகள் எல்லாம் 200 கிராம் உலர்ந்த நூலுக்கு, அதாவது உங்களுடைய இரண்டு சிட்டங்களுக்கு.

முதலில் நூலை அவிக்க வேண்டும். வெளுக்காத பருத்தியில் இயற்கையான மெழுகும் எண்ணெய்ப் பசையும் உண்டு. ஆலையில் நூற்கும்போது ஏறும் பிசுக்கும் உண்டு. அவை இருக்கும்வரை தண்ணீரே உள்ளே போகாது. சாயம் எப்படிப் போகும்? 5 அல்லது 6 லிட்டர் நீரில் 10 கிராம் சலவைச் சோடாவும் சிறிது மென்மையான சோப்புக் கரைசலும் கலந்து, நூலை ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நான் சொல்வது சலவைச் சோடா. ஆப்பச் சோடா அன்று. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்துக்கு வரும். இவ்வளவு அழுக்கா என்று மலைப்பாக இருக்கும். அந்த அழுக்கின் மேல்தான் நீங்கள் சாயம் பூசியிருந்தீர்கள். நூல் மிகவும் பழுப்பாக இருந்தால் நீரை மாற்றி இன்னொரு முறை அவியுங்கள். நன்றாக அலசிக் காயவைத்தபின் ஒரு துளி நீரை நூலின் மேல் விட்டுப் பாருங்கள். துளி முத்துப்போல் உருண்டு நின்றால் வேலை முடியவில்லை. விட்ட கணமே உள்ளே போய்விட்டால் நூல் தயார். சிட்டத்தை நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளரக் கட்டிய பிறகே நீரில் இறக்குங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டின் அடியில் வெள்ளை விழும். கட்டாமல் விட்டால் சிக்கெடுப்பதிலேயே ஒரு நாள் போய்விடும்.

அடுத்தது கடுக்காய். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலைப் பொடித்து 40 கிராம் எடுத்து, வெந்நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த நீரில் நூலை நான்கைந்து மணி நேரம் மூழ்கவைத்துப் பிழிந்து, அலசாமல் நிழலில் காயவிடுங்கள். அலசாமல் என்பதை மறந்துவிடாதீர்கள். நூல் வெளிர் மஞ்சளாகத் தெரியும். கையில் எடுத்தால் சிறிது சொரசொரப்பாக இருக்கும். பருத்தி, படிகாரத்தைத் தானாக எளிதில் பிடித்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்பு நடுவில் நின்று, ஒரு கையால் நூலையும் மறு கையால் படிகாரத்தையும் பிடித்துக்கொள்கிறது. மாதுளைத் தோலிலும் இதே துவர்ப்பு நிறைய இருப்பதால்தான், நீங்கள் எதுவும் செய்யாதபோதும் அது ஒன்று மட்டும் ஓரளவு நின்றது.

மூன்றாவது படிகாரம். 30 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். 4 கிராம் சலவைச் சோடாவைத் தனியே கரைத்து, அதைச் சிறிது சிறிதாகப் படிகார நீரில் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கி அடங்கும். படிகாரத்தின் புளிப்பு தணிவதற்காகவே சோடா சேர்க்கிறோம். வெதுவெதுப்பான நிலையில் நூலை இட்டு இரவு முழுதும் விட்டு, மறுநாள் பிழிந்து நிழலில் காயவையுங்கள். ஒரு நாளாவது அப்படியே கிடக்கட்டும். சாயத்தில் போடுமுன் ஒரே ஒரு முறை லேசாக அலசினால் போதும்.

இந்த வரிசை நம் சோழமண்டலக் கரையில் மிகப் பழையது. கூர்து என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1742 இல் இங்கிருந்து தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்தில், துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்ப்பதிலிருந்து, சிவப்புச் சாயம் தரும் சாயவேரில் கொதிக்கவைப்பது வரை ஒவ்வொரு படியையும் விவரித்திருக்கிறார். பால், துணியில் சித்திரமாக எழுதும் நிறம் பரவாமல் இருப்பதற்காக. நமக்கு நூல் முழுதும் ஒரே நிறம் என்பதால் அது வேண்டியதில்லை.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்கிழங்கை விட்டுவிட்டுச் செண்டுமல்லிப் பூவை எடுங்கள். கோயில் வாசலிலும் பூச்சந்தையிலும் மாலை நேரத்தில் ஒதுக்கிப் போடும் பூவே போதும். காம்பை நீக்கி இதழ்களை உலர்த்தி 100 கிராம் சேர்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, அந்த நீரில் நூலை முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் வையுங்கள். அடிக்கடி இரண்டு குச்சிகளால் சிட்டத்தைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பசும்பொன் நிறம் வரும். மரமஞ்சளும் நல்ல மஞ்சள் தரும் என்று சிலர் சொல்வார்கள். அது காடுகளில் அருகிவரும் கொடி என்பதால் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமல் பூச்சு சிதையாததாகவோ இருக்கட்டும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

‘உல்லன்’ பற்றி: அந்த நூலில் ஒரு விரற்கடை வெட்டி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். உருகிக் கறுத்த மணிபோல் இறுகினால் அது அக்ரிலிக். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அதுதான். அதில் எந்தச் செடிச்சாயமும் ஏறாது. உண்மையான ஆட்டுக் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். பருத்தி, காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்.

ஆய்வுக்கூடம்

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில், தறிமேடை அவர்களின் விளக்கத்தோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

உப்பைப் பற்றிய அறிவுரை ஆலைகளின் செயற்கைச் சாயங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அவற்றில் சில, உப்பு சேர்த்தால் நீரை விட்டு நூலை நோக்கி அதிகமாக நகரும் என்பது உண்மையே. வினிகர், கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் அமிலச் சாயங்களுக்கு உதவுவது. இரண்டும் படிகாரத்தின் இடத்தை நிரப்ப மாட்டா. படிகாரத்தில் உள்ள அலுமினியம் சாயத்தின் மூலக்கூறோடு பிணைந்து நீரில் கரையாத சேர்மமாக நூலுக்குள் தங்குவதால்தான் நிறம் நிற்கிறது. பீட்ரூட்டின் நிறமிக்கு அவ்வாறு உறுதியாகப் பிணையும் இயல்பு இல்லை. அது வெப்பத்தையே தாங்காது. சங்குப்பூவின் நிறமி அமிலத்தில் ஊதாவாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறிக்கொண்டே இருப்பது. அதை எலுமிச்சைச் சாற்றில் காட்டி மாணவர்களுக்கு அமிலம் கற்பிக்கலாம். போர்வைக்கு நம்ப முடியாது.

உங்கள் மஞ்சள் நூல் சிவந்ததற்கு விளக்கம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் தட்டு முழுதும் இரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பும் சுண்ணாம்பைப்போல் காரம் என்பதால் அதே மாற்றம் நூலில் நடந்தது. அலசியதும் காரம் நீங்கி மஞ்சள் திரும்பியது. மஞ்சளின் நிறமியான குர்குமின் பருத்தியில் தானாகவே பற்றும், ஆனால் ஒளி பட்டால் சிதைந்துவிடும். தாலிக்கயிற்றுக்கு மீண்டும் மீண்டும் மஞ்சள் பூச வேண்டியிருப்பது அதனால்தான்.

இனி எந்தச் சாயத்தையும் போர்வைக்கு எடுக்குமுன் ஒளிச் சோதனை செய்யுங்கள். சாயமேற்றிய நூலை ஓர் அட்டையில் நெருக்கமாகச் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் வரும் சன்னலில் இரண்டு வாரம் வைத்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். இரு பாதிகளுக்கும் இடையே கோடு தெரியாவிட்டால் அந்தச் சாயத்தை நம்பலாம்.

படிகாரத்துக்குப் பதிலாக மயில்துத்தத்தையும் (செம்பு உப்பு) டைகுரோமேட்டையும் (குரோமிய உப்பு) சில குறிப்புகள் பரிந்துரைக்கின்றன. டைகுரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. மயில்துத்தம் நீர்நிலைகளில் உள்ள உயிர்களுக்கு நஞ்சு. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொருளுக்கு இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பின்னலூசி

உங்கள் இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்; ஒவ்வொரு படியையும் சொன்னபடியே செய்தேன். அவித்த நீரின் நிறத்தைப் பார்த்து நானும் என் தாயாரும் வாயடைத்துப்போனோம். செண்டுமல்லி நூல் ஐந்து சலவைக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. சன்னல் அட்டையில் மிக மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது என்றாலும், பழைய மஞ்சளோடு ஒப்பிடவே முடியாது.

இரண்டு இடங்களில் மீண்டும் தடுமாறுகிறேன். நாட்டுமருந்துக் கடையில் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் வாங்கி, கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய நூலில் போட்டேன். சிவப்பு வரும் என்று காத்திருந்தேன்; ஊதா கலந்த கரும்பழுப்புத்தான் வந்தது. பாத்திரம் எவர்சில்வர்தான், தண்ணீர் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர். இரண்டாவது, நீலத்துக்காக அதே கடையில் அவுரி இலைப்பொடி வாங்கிச் சுண்ணாம்பு நீரில் கரைத்தேன். பாசி படிந்ததுபோல் ஒரு சாம்பல் பச்சை ஏறி, அலசியதும் போய்விட்டது.

மன்னார்க்கரை

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில் வசிக்கிறேன். அம்மாவின் ஊர் மன்னார். சிவப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிணற்று நீரைச் சோதியுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் கிணற்று நீரையும் இன்னொன்றில் மழை நீரையும் எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி கடுக்காய் நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். கிணற்று நீர் மட்டும் மையைக் கரைத்ததுபோல் கறுத்தால், அதில் இரும்பு இருக்கிறது என்று பொருள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மைதான். முற்காலத்தில் எழுத்து மையே அவ்வாறு செய்யப்பட்டது. குளியலறை வாளியில் செங்காவி வளையம் படிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் சிவப்பு கறுத்ததற்கு இதைத்தான் நான் முதலில் ஐயுறுகிறேன். செண்டுமல்லி நூலைக்கூட மழைநீரில் செய்திருந்தால் இன்னும் தெளிந்திருக்கும்.

இரும்பு இல்லாத நீர் வேண்டும் என்பதற்காக, மஞ்சிட்டிக்கு முழுக்க மென்மையான நீரும் உகந்ததன்று. இந்த வேர்ச் சிவப்புக்குச் சுண்ணச்சத்து வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை என்பதால் இங்கே நான் எதுவும் சேர்ப்பதில்லை. சிவப்பு தானாகவே சுடர்விட்டு வருகிறது. நீங்கள் மழைநீரில் செய்வதானால், 200 கிராம் நூலுக்கு 3 அல்லது 4 கிராம் சுண்ணக்கட்டிப் பொடியைச் சாய நீரில் கலந்துகொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், காரம் மிகுந்துவிடும். 150 கிராம் மஞ்சிட்டியை இடித்து இரவு ஊறவைத்து, மறுநாள் நூலோடு சேர்த்துக் குளிர்ந்த நீரிலேயே தொடங்கி, மிக மெல்ல ஒரு மணி நேரத்தில் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, அதே சூட்டில் இன்னொரு மணி நேரம் வைத்திருப்பேன். குமிழி எழும் அளவுக்கு நான் விடுவதில்லை. அடுப்பை அணைத்தபின் நீரிலேயே ஆறவிடுவேன்.

குழந்தைக்கு இளஞ்சிவப்பு வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கடுக்காய் தானே மஞ்சளாக இருப்பதால் அதன் மேல் ஏறும் இளஞ்சிவப்பு செங்கல் நிறம் காட்டும். அதற்குப் பதிலாக மாசிக்காயை 20 கிராம் பொடித்து ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். அதன் துவர்ப்புக்கு நிறமே இல்லை என்று சொல்லலாம். ஒரு சிட்டத்தைச் சிவப்பாக்கிய பிறகு மிஞ்சும் சாய நீரில், மாசிக்காயும் படிகாரமும் ஏற்றிய அடுத்த சிட்டத்தைப் போட்டால், உள்ளங்கை நிறத்தில் ஓர் இளஞ்சிவப்பு வரும். எனக்கு மிகவும் பிடித்த நிறம் அதுதான். பதிமுகம் என்ற மரத்தின் கட்டை தரும் சிவப்பு முதல் நாளில் இதைவிட அழகாகத் தோன்றும்; வெயிலில் நிற்காது, ஏமாந்துவிடாதீர்கள்.

உண்மையான பழைய சிவப்பு எங்கள் கரையில் விளைந்த சாயவேரில் இருந்து வந்தது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் இதை இம்பூரல் என்பார்கள். கடலோர மணலில் தரையோடு படர்ந்து கிடக்கும் மிகச் சிறிய செடி, வெள்ளைப் பூ. பிடுங்கினால் மேலே விரலளவு பச்சையும் கீழே சாண் நீளத்துக்கு நூல்போன்ற செம்மஞ்சள் வேரும் வரும். சாயம் அந்த வேரின் தோலில் இருக்கிறது. பயிரிட்ட செடியைவிடத் தானாக முளைத்ததன் வேர்தான் நிறம் மிகுந்தது என்பது பழைய வேலைக்காரர்களின் கணிப்பு. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தை ஆண்ட 1658 முதல் 1795 வரையான காலத்தில் இந்த வேர் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. வேரை அகழ்ந்து கொடுக்கும் கடமை ஒரு பிரிவு மக்களின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. 1868 இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் இதே வகைச் சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து உருவாக்கிக் காட்டிய பிறகு, உலகெங்கும் வேர்ச் சிவப்புக்கு இருந்த தேவை சரிந்தது. வேரை எடுத்தால் செடி இறந்துபோகும் என்பதால், ஒரு போர்வைக்காக நான் அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். என் வீட்டில் இரண்டு மண்சட்டிகளில் மணல் நிரப்பி வளர்த்து வருகிறேன். இரண்டு ஆண்டு பொறுத்துத்தான் வேர் எடுக்க வேண்டும்.

அவுரிக்காடு

திண்டிவனம் பக்கத்துக்காரன். எங்கள் பகுதி ஊர்களில் இன்றும் அவுரி விளைகிறது என்பதால் நீலத்தைப் பற்றி நான் எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

அம்மா, நீங்கள் வாங்கிய இலைப்பொடி தலைமுடிக்குப் பூசுவதற்கானது. அதிலிருந்து நூலுக்கு நீலம் எடுக்க முயன்றால் பச்சையும் அழுக்கும்தான் மிஞ்சும். உங்களுக்கு வேண்டியது நீலக்கட்டி. அறுத்த அவுரியைப் பச்சையாகவே தொட்டியில் அடுக்கிக் கல்லேற்றி இரவு முழுதும் நீரில் ஊறவிடுவார்கள். மறுநாள் அந்த மஞ்சள்பச்சை நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று காலாலும் கட்டையாலும் நீரை அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் படப்படப் பச்சை நுரை நீலமாகும். பிறகு நீலம் வண்டலாக அடியில் இறங்கும். அந்த வண்டலைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, வெட்டிக் காயவைத்ததே கட்டி. கட்டியை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் செம்பைப்போல் பளபளக்க வேண்டும். 1897 இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தத் தொட்டிகள் எண்ணிக்கையில் சுருங்கிவிட்டன. சலவைக்குப் போடும் சொட்டு நீலம் முற்றிலும் வேறு பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கொண்டு முயன்றவர்களை நான் அறிவேன்.

நீலத்துக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். நூலை அவித்திருந்தால் போதும். ஆனால் நீலம் நீரில் கரையாது. அதைக் கரைய வைக்க நீரிலுள்ள உயிர்வளியை நீக்க வேண்டும். பழைய நீலத்தாழிகளில் (நீலச்சாயம் கரைத்து வைக்கும் பாத்திரங்களில்) தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் புளிக்கவிடுவார்கள். அது பல நாள் கவனிப்புக் கேட்கும் வேலை, நாற்றமும் கடுமையாக இருக்கும். வீட்டுக்குக் கருப்பட்டித் தாழியே எளிது. நீலம் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2 பங்கு, கருப்பட்டி 3 பங்கு என்பது கணக்கு.

ஒரு 15 லிட்டர் வாளிக்கு 50 கிராம் நீலத்தை இரவு நீரில் ஊறவைத்து, சந்தனம்போல் மையாக அரைத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் கருப்பட்டியை 2 லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். வாளியில் சுடுநீர், கருப்பட்டிப் பாகு, நீலம் என்ற வரிசையில் சேர்த்து, கடைசியாக 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பைத் தூவிக் கரையுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையுறை கட்டாயம். மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நுரை எழாமல் மெல்லக் கலக்குங்கள். நான்கைந்து மணி நேரத்தில் மேலே நீல நுரை பூவாகத் திரளும். அதைச் சுற்றிச் செம்பு நிற ஆடை படரும். ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தால் அடியில் நீர், தெளிந்த மஞ்சள்பச்சையாக இருக்க வேண்டும். நீர் இன்னும் நீலமாகவே இருந்தால் பொறுங்கள். இளஞ்சூடு ஆறிப்போயிருந்தால் வாளியை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கி வையுங்கள்.

நனைத்துப் பிழிந்த நூலை ஓசையில்லாமல் உள்ளே இறக்கி, அடியில் படிந்த சுண்ணாம்பைத் தொடாமல் ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, நீர்மட்டத்துக்கு உள்ளேயே பிழிந்தபடி வெளியே எடுங்கள். எடுக்கும்போது நூல் தளிர்ப் பச்சையாக இருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து உள்நோக்கி நீலம் ஏறும். கால் மணி நேரம் காற்றில் ஆறவிட்டு மறுபடி முக்குங்கள். கருநீலம் வேண்டும் என்று ஒரே முக்கில் அரைமணி நேரம் ஊறவிடுவதில் பயனில்லை. மேலாகப் படிந்த நீலம் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். குழந்தைப் போர்வையின் வான்நீலத்துக்கு இரண்டு முக்குப் போதும். கடைசியில் சிறிது வினிகர் கலந்த நீரில் கால் மணி நேரம் போட்டுச் சுண்ணாம்பின் காரத்தைப் போக்கி, அலசி, சோப்பு நீரில் ஒரு கொதி கொதிக்கவிட்டு அலசுங்கள். உங்கள் வினிகருக்கு உரிய இடம் இதுதான்.

பச்சை நிறம் வேண்டுமானால், நீலம் ஏற்றி முடித்த நூலுக்குக் கடுக்காயும் படிகாரமும் கொடுத்துச் செண்டுமல்லி நீரில் போடுங்கள். வரிசையை மாற்றினால் தாழியின் காரம் மஞ்சளைக் கெடுத்துவிடும். இலைப் பச்சையை நேரடியாக நூலில் ஏற்றி நிற்கவைக்க எனக்குத் தெரிந்து வழியில்லை.

தறிமேடை

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாதுளைத் தோலோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் அழகான கரும்பச்சைச் சாம்பல் வரும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இரும்பு பருத்தியை ஆண்டுகள் செல்லச்செல்ல இற்றுப்போகச் செய்யும். கையால் சித்திரம் எழுதிய பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். பேரக்குழந்தை வரை போக வேண்டிய போர்வையில் அது வேண்டாம்.

பின்னத் தொடங்குமுன் ஒவ்வொரு சிட்டத்தையும் வெந்நீரில் அலசி, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். துணியில் நிறம் படியாத வரை அலசுங்கள். சலவைக்குப் பூந்திக்கொட்டை நீரும், உலர்த்த நிழலும் போதும். போர்வைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே முறையில் சாயமேற்றிவிடுங்கள். அடுத்த வாரம் வாங்கும் செண்டுமல்லி இந்த வார மஞ்சளைத் தராது.

பின்னலூசி

கடுக்காய் நீரை ஊற்றிய குவளை இப்போது என் முன்னே இருக்கிறது. கிணற்று நீர் கறுத்துவிட்டது; மழைநீர் தெளிவாக இருக்கிறது. மாடிக் குழாயின் கீழே இரண்டு அண்டா வைத்திருக்கிறேன். மாசிக்காய் வாங்கி வந்தாயிற்று, நீலக்கட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். இளஞ்சிவப்பு வந்ததும் மன்னார்க்கரை சகோதரிக்கு எழுதுகிறேன்.